குறை கேட்டுப் போனவள்

சுமாலிக்கு நாற்பத்தாறு வயது. அதில் இருபத்து நாலு வருஷத்தை ஒரே கட்டடத்தில் கழித்திருக்கிறாள். தாய்லாந்தின் வடகிழக்கில், மூன் ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் வெறும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. அவள் தட்டச்சு வேலைக்கு வந்த வருஷம்தான் பெயர்ப்பலகையைப் பெரிதாக்கினார்கள். பலகை பெரிதானதும் ஆசையும் பெரிதானது. வாசலில் ‘உலகத் தரத்தை நோக்கி’ என்று ஒரு பேனர் கட்டினார்கள். அது வெயிலில் வெளுத்துப்போக, அதே வாசகத்தை இன்னும் பெரிய எழுத்தில் போட்டு மறுபடி கட்டினார்கள். உலகத் தரம் அந்தப் பக்கமாக வந்த மாதிரி தெரியவில்லை. வந்ததெல்லாம் தாள்தான்.

அது எப்படி வரும் என்று சொல்கிறேன். பாங்காக்கிலிருந்து ஒரு பெரிய மனிதர் லண்டனுக்கோ மெல்போர்னுக்கோ மூன்று நாள் மாநாட்டுக்குப் போவார். திரும்பும்போது மனைவிக்கு ஒரு கைப்பை, அமைச்சகத்துக்கு ஒரு சொல். அந்தச் சொல் சுற்றறிக்கையாகும், சுற்றறிக்கை பயிற்சி வகுப்பாகும், கடைசியில் கோப்பாகி சுமாலியின் மேசையில் வந்து விழும். முதலில் இங்கிலாந்துக்காரர்களின் தர உறுதி. பிறகு அமெரிக்காவில் கம்பெனிகளுக்குப் பரிசு கொடுப்பதற்கென்று எழுதிய கேள்வித்தாள். நடுவில் ஜப்பான் தொழிற்சாலைகளின் ஒழுங்கு; ஸ்டேப்ளர் வைக்கிற இடத்தில் ஸ்டேப்ளர் படத்தை ஒட்டச் சொன்னார்கள், ஒட்டினாள். இப்போது அக்கம்பக்கத்து நாடுகள் எல்லாம் கூடி வகுத்த ஒன்று முதல் ஏழு வரையிலான படிநிலை. பழையது போய்ப் புதியது வந்தது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். பழையது அலமாரியில் அப்படியே இருக்கும், அதன் தலைமேல் புதியது ஏறி உட்காரும்.

தட்டச்சுக்காரியைத் ‘தர அலுவலர்’ ஆக்கியது இந்தத் தாள்கள்தான். ஆசான்கள் யாரும் பயிற்சிக்குப் போக முன்வராததால் அவளை அனுப்பினார்கள். அவளும் சளைக்கவில்லை. ஒவ்வொரு புதுச் சொல்லையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு வந்து, தன்னைவிட இரண்டு மடங்கு படித்தவர்களுக்கு வகுப்பு எடுத்தாள். சும்மா சொல்லக்கூடாது, அவள் கட்டிய கோப்பில் ஒரு தாள் குறைந்தது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஆனால் அவள் மனசு தங்கியது ஒரே துறையில்தான். சமூக மேம்பாட்டுத் துறை. வருஷத்துக்கு முப்பது பிள்ளைகள் சேருவார்கள். எல்லாம் நெல் விளைக்கிற, மரவள்ளி பிடுங்குகிற வீட்டுப் பிள்ளைகள். வேறு எந்தத் துறையும் அந்த மதிப்பெண்ணுக்குக் கதவைத் திறக்காது. சுமாலியும் வேலை பார்த்துக்கொண்டே சனி, ஞாயிறு வகுப்பில் உட்கார்ந்து அங்கேதான் பட்டம் வாங்கினாள். ஐஸ் கட்டி அறுத்து விற்றவர் மகள் அவள். பட்டம் வாங்கிய அன்று அப்பா கடையை மூடிவிட்டு, இருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

அந்தத் துறைக்குத்தான் போன வருஷம் ஆபத்து வந்தது. வந்த விதத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

ஆண்டு முடிவில் மாணவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் ஒரு தாள் கொடுப்பார்கள். ஆசான் எப்படி, பாடம் எப்படி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் குறி போடு. எங்கள் ஜனங்கள் என்ன செய்வார்கள்? ஐந்தாம் கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடு. கேள்வியைப் படிக்கக்கூட மாட்டார்கள். சொல்லிக்கொடுத்தவருக்கு நாலு போடுவதா? முகத்துக்கு நேரே ‘நீ கொஞ்சம் மட்டம்’ என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா? இந்தத் தாட்சண்யம் எங்களுக்குப் பாலோடு ஊட்டியது. இதைக் கணக்கில் எடுக்கிற கட்டம் எந்த நாட்டுத் தாளிலும் கிடையாது. மதிப்பீட்டுக் குழு எழுதிவிட்டுப் போனது: ‘ஆறு ஆண்டுகளாக ஒரு குறைகூடப் பதிவாகவில்லை. கேட்கப்படவில்லை, அல்லது மறைக்கப்பட்டுள்ளது. நிலை இரண்டு. அடுத்த ஆண்டு நிலை மூன்றை எட்டாவிட்டால் மாணவர் சேர்க்கை நிறுத்தப்படும்.’

சேர்க்கையை நிறுத்தினால் துறை நாலு வருஷத்தில் தானாகச் செத்துப்போகும். டீன் சுமாலியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“சுமாலி, நமக்குக் குறை வேணும்.”

“எத்தனை வேணும் ஆசான்?”

“ஒரு அஞ்சாறு. ரொம்பப் பெருசா வேண்டாம். தீத்துட்டோம்னு வேற காட்டணும்ல? ஏற்கனவே தீந்துபோன குறையா கெடச்சா ரொம்ப நல்லது.”

அவள் முதலில் மூன்றாம் ஆண்டு வகுப்புக்குப் போனாள். “பிள்ளைங்களா, பயப்படாம குறை சொல்லுங்க” என்றாள். முப்பது பேரும் செருப்பைப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பெண் எழுந்து, “அக்கா, தவாட் ஆசானை வேலையை விட்டுத் தூக்கப் போறாங்களா?” என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சுமாலி பதறிப்போய் அரை மணி நேரம் சமாதானம் சொன்னாள். அதற்கப்புறம் தேறிய குறை ஒன்றே ஒன்று: கேன்டீன் கோழிச்சோற்றில் கோழி கம்மி.

தவாட் ஆசான்தான் துறைத் தலைவர். ஐம்பத்து நாலு வயது. கதவை இரண்டு தரம் அறைந்தால்தான் மூடுகிற ஒரு பழைய பிக்கப் வைத்திருக்கிறார். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை காலையில் அந்த வண்டியின் பின்னால் எட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நோங் சிம் என்கிற ஊருக்குப் போவார். போய்ப் பாடம் நடத்தமாட்டார். பாயில் உட்கார்ந்து ஊர்க்காரர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். நெல் சேமிப்புக் கிடங்கு அப்படிப் பேசிப் பேசியே வந்தது. குளத்துத் தண்ணீருக்காக வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் மண்வெட்டியோடு நின்ற வருஷம், அவர் நடுவில் உட்கார்ந்து மூன்று வெள்ளிக்கிழமை வாயைத் திறக்காமலே சண்டையைத் தீர்த்தார். எங்கள் பிள்ளைகள் படித்த படிப்பு அதுதான்.

நோங் சிம் ஊர்த் தலைவி லமுனிடம் ஏதாவது குறை கிடைக்கும் என்று சுமாலி ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினாள். லமுன் ஐம்பத்தேழு வயதுக்காரி, தாராள மனசு, தாராள வாய். தூண்கள்மேல் நிற்கிற வீட்டுக்கு அடியில் பாயை விரித்து, கூடையில் ஒட்டரிசிச் சோறு, சுட்ட மீன், பப்பாளிச் சாலட் என்று அடுக்கிவிட்டாள். அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

“அக்கா, எங்க துறையில என்ன குறைன்னு நீங்க சொல்லணும்” என்றாள் சுமாலி.

“குறையா? மீன்ல உப்பு தூக்கலா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல, துன்னு.”

“இல்லக்கா, நெசமாத்தான் கேக்கறேன். எழுதிக் குடுக்கணும்.”

லமுன் கையிலிருந்த சோற்று உருண்டையைக் கீழே வைத்தாள். “ஏண்டி, ஆசானுக்கும் ஒனக்கும் ஏதும் சண்டையா?”

“சே, சே! என்ன அக்கா இப்படிக் கேக்கறீங்க?”

“பின்ன என்னாத்துக்கு அவர் மேல கோள் சொல்லச் சொல்ற? அவர் எங்க கிடங்குக்கு மூட்டை தூக்கினவரு. எம் புருசன் செத்தப்போ மூணு நாளும் இங்கதான் கெடந்தாரு. அவரப் பத்தி நான் குறை சொல்லணுமா? நல்லா இருக்குடி ஒம் படிப்பு!”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு கிழவர், “எம் பொண்டாட்டியப் பத்திக் கேளு, விடிய விடிய சொல்றேன்” என்றார். சுமாலி சிரித்துக்கொண்டே விஷயத்தைப் புட்டுப் புட்டு வைத்தாள். குறை இல்லாவிட்டால் துறையை மூடிவிடுவார்கள், உங்கள் ஊர்ப் பிள்ளைகள் சேர இடம் இருக்காது என்றாள். லமுன் நம்பாமல் பார்த்தாள்.

“நல்லா இருக்குன்னு சொன்னா மூடுவான், நல்லா இல்லைன்னு சொன்னா தெறப்பானா? எந்த ஊர் நாயம்டி இது?”

“வெளிநாட்டு நாயம்கா.”

எல்லோரும் எழுந்து போன பிறகு லமுன் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். “ஒங்கிட்ட சொல்றேன், எழுதிராத. அவரு வந்து நாலு வருசமாச்சு. ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு கோயில்ல வேண்டிக்கிட்டோம். குளத்துச் சண்ட மறுபடி ஆரம்பிச்சிருச்சு. யார்கிட்ட போய்ச் சொல்றது? போன்ல கூப்புட்டு வான்னு சொல்ல மனசு வரல. பெரிய வேலையில இருக்கறவரு.”

ஆசானின் வெள்ளிக்கிழமையைப் பிடுங்கியது சுமாலிதான். நாலு வருஷத்துக்கு முன்னால், கோப்புகள் முடியாமல் கிடக்கின்றன என்று டீனிடம் சொல்லி, வெள்ளிக்கிழமையை எல்லா ஆசான்களுக்கும் ‘ஆவண நாள்’ என்று ஆக்கியவள் அவள். அதோடு ஆசானின் ஒப்பந்தத்தில் புது விதி வேறு வந்தது: வெளிநாட்டுப் பட்டியலில் இருக்கிற சஞ்சிகையில் கட்டுரை வரவேண்டும். அவர் நெல் கிடங்கைப் பற்றி எழுதி அனுப்பினார். ‘இது ஒரு குறிப்பிட்ட ஊருக்கு மட்டுமே பொருந்துகிறது’ என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு ஊரைப் பற்றி எழுதினால் ஒரு ஊருக்குத்தானே பொருந்தும், மடையர்களா! அவர் திருத்தினார், மறுபடி அனுப்பினார், மறுபடி திரும்பி வந்தது. ஊரைப் பற்றி எழுதி எழுதியே ஊருக்குப் போக நேரமில்லாமல் ஆகிப்போனது.

“அக்கா, இந்த ஒண்ண மட்டும் யார்கிட்டயும் சொல்லிராதீங்க” என்று சுமாலி லமுனின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆசானுக்கு மானம் போயிரும். கழிவறையில தண்ணி வரலைன்னு சொல்லுங்க. இன்டர்நெட் மெதுவா இருக்குன்னு சொல்லுங்க. போதும்.”

“நான் ஒங்க கழிவறைய எங்கடி பாத்தேன்?”

“வர்றன்னைக்குக் காட்டறேன்.”

மதிப்பீட்டு நாளன்று பல்கலைக்கழகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. முந்தின நாளே புல்லை வெட்டி, படிக்கட்டைக் கழுவி, ‘மதிப்பீட்டாளர்களை வரவேற்கிறோம்’ என்று பேனர் கட்டியாயிற்று. உள்ளூர்ப் பட்டுச் சால்வை, பழக்கூடை, நாலு வகைப் பலகாரம் எல்லாம் தயார். சுமாலி மாணவர்களுக்கும் லமுனுக்கும் மூன்று தரம் ஒத்திகை வைத்திருந்தாள். லமுனைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டாம் மாடிக் கழிவறையையும் காட்டினாள். கெட்ட நேரம், அன்றைக்குத் தண்ணீர் ஜோராக வந்தது.

குழுவுக்குத் தலைவி ஆசான் வாருணி. பாங்காக் பெரிய பல்கலைக்கழகம், லண்டன் டாக்டர் பட்டம். பொல்லாதவள் என்று எல்லோரும் பயந்திருந்தார்கள். வந்தது என்னவோ மெல்லிய குரலில் பேசுகிற, எல்லோருக்கும் கைகூப்புகிற, வேலை தெரிந்த மனுஷி. நேர்காணல் அறைக்குள் துறை ஆட்கள் யாரும் வரக்கூடாது என்பது விதி. மாணவர்கள் உள்ளே போய்க் கோழிச்சோற்றைப் பற்றிச் சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். கடைசியாக லமுன் போனாள். நாற்பது நிமிஷம் ஆயிற்று. வெளியே பெஞ்சில் சுமாலிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

லமுன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். “அடியே, அந்த அம்மா நம்ம பக்கத்துப் பொண்ணுடி! ஊபோன்ல பொறந்தவங்களாம். நம்ம பாசையிலேயே பேசினாங்க. எனக்குத் தண்ணி ஊத்திக் குடுத்தாங்க.”

“கழிவறை சொன்னீங்களா?”

“ஐயய்யோ, மறந்தே போச்சு.”

“இன்டர்நெட்?”

“அது வாயில நொழயலடி.”

“அப்ப என்னதான்கா சொன்னீங்க இவ்வளவு நேரம்?”

“குறையெல்லாம் ஒண்ணும் சொல்லல, சத்தியமா. ‘ஆசானைக் கடைசியா எப்பப் பாத்தீங்க’ன்னு கேட்டாங்க. பொய் சொல்லவா முடியும்? நாலு வருசம்னேன். பாத்தா நல்லா இருக்கும்னேன். குளத்துச் சண்டயச் சொன்னேன். அவ்வளவுதான். அது குறையா?”

வாருணியைத் தனியாகப் பிடித்து, அதை அறிக்கையில் எழுதவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று சுமாலி நினைத்தாள். மதிப்பீட்டாளரிடம் துறை ஆள் தனியாகப் பேசினால் அதுவே பெரிய குற்றம். அந்த விதியை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

மூன்று மணிக்கு எல்லோரும் பெரிய அறையில் கூடினார்கள். டீன், ஆசான்கள், மாணவர்கள். சாப்பாடு போட்டவர்களிடம் சொல்லாமல் கிளம்பக்கூடாது என்று லமுனும் பின்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். திரையில் எழுத்து வந்தது. வாருணி மெல்லிய குரலில் வாசித்தாள்.

“பாராட்டத்தக்கது: பங்குதாரர்களான மாணவர்களும் ஊராரும் வெளிப்படையாகக் கருத்துச் சொல்கிறார்கள். மேம்படுத்த வேண்டியது: துறைத் தலைவர் நான்கு ஆண்டுகளாகக் களத்துக்குச் செல்லவில்லை. இதனால் ஊரில் தண்ணீர்த் தகராறு மீண்டும் எழுந்துள்ளதாக ஊர்ப் பிரதிநிதி தெரிவிக்கிறார். இந்தக் குறைக்குத் துறை எவ்வாறு பதில் அளிக்கிறது என்பதை ஓராண்டுக்குள் சான்றுகளுடன் காட்டவும். நிலை: நான்கு.”

நான்கு! மூன்று கிடைத்தால் போதும் என்றிருந்தவர்களுக்கு நான்கு. டீன் முதலில் கைதட்டினார். அறையே கைதட்டியது. நோங் சிம்முக்கு ஒரே ஒரு ஊர்ப் பிரதிநிதிதான், அவள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். லமுன் தலையைக் குனிந்துகொண்டு மடியில் இருந்த பழப்பையின் முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். தவாட் எழுந்தார். மூன்று மதிப்பீட்டாளர்களுக்கும் கைகூப்பி, “நல்ல ஆலோசனை, நன்றி” என்றார். சிரித்த முகம் மாறவில்லை. மானம் போனதை மறைக்கிற அந்தச் சிரிப்பு தெரியாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. அதற்குப் பிறகு கட்டை விரலை உயர்த்திக்கொண்டு குழுப் படம் எடுத்தார்கள்.

படம் எடுத்து முடிந்ததும் லமுன் அவரிடம் ஓடினாள். நெற்றி வரை கையைத் தூக்கிக் கும்பிட்டாள். “ஆசான், நான் அப்படிச் சொல்லல ஆசான். எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. அந்த அம்மா கேட்டாங்கன்னு...”

“பரவால்ல லமுன். நீங்க சொன்னது சரிதான்.”

“இல்ல ஆசான், தப்பு ஆயிருச்சு. ஊரே உங்கள...”

“ஒண்ணும் ஆகல. சாப்ட்டீங்களா? பஸ்ஸுக்கு நேரமாச்சே, பாத்துப் போங்க.”

அந்த மரியாதைதான் லமுனைக் கொன்றது. முன்பென்றால், “அடிப்பாவி, என்னை மாட்டிவிட்டியே” என்று சொல்லியிருப்பார். அவள் இன்னும் இரண்டு தரம் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் சுமாலி அவர் அறைக்குப் போய் நின்றாள். “ஆசான், வெள்ளிக்கிழமைய ஆவண நாளாக்கினது நான்தான். டீன்கிட்ட நான்தான் கேட்டேன். அந்த அறிக்கையில என் பேரைத்தான் போட்டிருக்கணும்.”

“போட்டா என்ன, போடாட்டி என்ன? நாலு வருஷம் போகலைங்கறது நெசந்தானே. சாயங்காலத்துல போயிருக்கலாம், ஞாயித்துக்கெழம போயிருக்கலாம். நானும் அந்தப் பாழாப்போன கட்டுரைய வெச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்.” அவர் எழுந்து வண்டிச் சாவியை எடுத்தார். “விடு. வர்ற வெள்ளிக்கிழமை போவோம். நீயும் வா. குளத்துச் சண்டைய முதல்ல பாக்கணும்.”

சுமாலிக்கு உயிர் வந்தது. துறை பிழைத்தது, ஆசானும் ஊருக்குப் போகிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்? அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள். மறுநாள் காலையில் உற்சாகத்தோடு வேலையை ஆரம்பித்தாள். சான்றுகளுடன் காட்டவேண்டும் அல்லவா? சான்று என்றால் கடிதம். கடிதம் இல்லாமல் எந்தப் பணியும் பணியாகக் கணக்கில் வராது. அரசாங்கக் கருடன் முத்திரை போட்ட தாளில் டீனின் கையெழுத்து வாங்கினாள். ‘பொருள்: பங்குதாரர் கருத்துக்கு ஏற்பக் களப் பார்வை. துறைத் தலைவர் நேரில் வருகை தருகிறார். ஒத்துழைப்புக் கோரப்படுகிறது. இணைப்பு: வருகைப் பதிவேடு. நகல்: வட்டார அலுவலகம்.’ இதே மாதிரிக் கடிதத்தை ஆயிரம் தரம் அனுப்பியிருக்கிறாள். கை தானாகவே செய்தது.

வெள்ளிக்கிழமை காலை பிக்கப்பில் போகும்போது தவாட் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். வடக்குத் தெருக்காரர்களை எப்படி மடக்கலாம், எந்தக் கிழவர் இன்னும் இருக்கிறார், யார் வீட்டு மீன் ருசி என்று ஒரே பேச்சு. வழியில் நிறுத்தி இரண்டு பை ஐஸ் கட்டி வாங்கிப் பின்னால் போட்டார். ஊருக்கு வெறுங்கையோடு போகக்கூடாதாம்.

ஊர் எல்லையில் பேனர் கட்டியிருந்தது: ‘ஆசான் தவாட் அவர்களை நோங் சிம் மக்கள் வரவேற்கிறார்கள்.’ தவாட் பேச்சை நிறுத்தினார்.

ஊர்ப் பொதுக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் வெள்ளைத் துணி உறை. முன்னால் ஒரு மேசை, அதன்மேல் பூ, தண்ணீர் பாட்டில், அவர் பெயர் எழுதிய அட்டை. லமுன் ஊர்த் தலைவியின் காக்கிச் சீருடையில், பதக்கம் எல்லாம் குத்திக்கொண்டு, விறைப்பாக நின்றாள். வட்டார அலுவலகத்திலிருந்து அவளுக்கு இரண்டு தரம் போன் வந்திருக்கிறது: பல்கலைக்கழகம் புகாரை விசாரிக்க வருகிறது, சரியாக நடந்துகொள்.

தவாட் கொட்டகை ஓரத்தில் சுருட்டி வைத்திருந்த பாயைக் காட்டி, “நாம அதுல உக்காருவோமே” என்றார்.

“ஐயோ, வேண்டாம் ஆசான். தரை அழுக்கு. நீங்க இங்க உக்காரணும்” என்று இரண்டு பேர் அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

லமுன் தாளைப் பார்த்து வாசித்தாள். பல்கலைக்கழகம் இந்த ஊருக்குச் செய்த உதவிகள், ஆசான் அவர்களின் பெருந்தன்மை, கிராமத்தின் நன்றி. ஒரு சொல்லும் அவள் சொல் அல்ல. முடிந்ததும் தவாட் கேட்டார், “லமுன், குளத்துல என்ன சண்டை?”

“சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை, ஆசான். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது.”

“வடக்குத் தெருவுல யாரோ மதகை மூடிட்டாங்கன்னு...”

வடக்குத் தெரு ஆட்களும் தெற்குத் தெரு ஆட்களும் பக்கம் பக்கமாக உட்கார்ந்து, எல்லோரும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள். “ஒண்ணும் இல்லீங்க ஆசான். நல்லா இருக்கோம் ஆசான்.” பொண்டாட்டியைப் பற்றி விடிய விடியச் சொல்வேன் என்ற கிழவர்கூட இஸ்திரி போட்ட சட்டையில் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டை அவருக்குத் தனியாக மேசையில், கரண்டி முள்கரண்டியோடு வைத்தார்கள். ஊர்க்காரர்கள் தள்ளி நின்று அவர் சாப்பிடுவதைப் பார்த்தார்கள். அவர் முடிக்கிற வரைக்கும் யாரும் சோற்றில் கை வைக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் நாற்பத்திரண்டு பேர் வரிசையில் வந்து கையெழுத்துப் போட்டார்கள். சுமாலி லமுனைத் தனியாக ஒதுக்கிக்கொண்டு போய், “அக்கா, என்னக்கா இது?” என்று கேட்டாள்.

லமுன் அவளுக்கும் கைகூப்பினாள். “ஏதாவது குறை இருந்தா மன்னிச்சுக்கங்க” என்றாள். அந்த வாய் தன்னிடம் ‘ங்க’ போட்டுப் பேசி சுமாலி ஒருநாளும் கேட்டதில்லை.

திரும்பும்போது, கொடுக்க மறந்துபோன ஐஸ் கட்டி உருகி வண்டியிலிருந்து சொட்டிக்கொண்டே வந்தது. ஆற்றுப் பாலம் தாண்டியதும் தவாட் கேட்டார், “கடுதாசி போட்டியா?”

“போட்டேன் ஆசான். சான்று வேணும்னு... கடுதாசி இல்லாம கணக்குல ஏறாது. எப்பவும் செய்யறதுதான்.” சொல்லும்போதே அவளுக்குத் தான் செய்தது என்னவென்று முழுசாக உறைத்தது.

“ம்.”

“அவங்க மரியாதைக்குத்தான் ஆசான் அப்படிச் செஞ்சாங்க. அடுத்த தடவை சரியாயிடும். நான் கடுதாசி போடமாட்டேன். சத்தியமா போடமாட்டேன்.”

“எனக்கு நாற்காலி போட்டாங்க, சுமாலி.” கியரை மாற்றிவிட்டு, “இருபது வருஷமா அந்த ஊருல எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்ல” என்றார்.

சுமாலிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், பதிவேட்டைக் கட்டிக்கொண்டு அழுதாள். “துறையைக் காப்பாத்திட்டோம்னு நெனச்சேனே ஆசான். அதுக்குத்தானே இவ்வளவும் செஞ்சேன்.”

“காப்பாத்திட்ட. யாரு இல்லைன்னா? வர்ற வருஷமும் முப்பது பிள்ளைங்க வரும்.” அவர் கண்ணை ரோட்டிலேயே வைத்திருந்தார். “அதுங்கள எங்க கூட்டிட்டுப் போறதுன்னுதான் தெரியல.”